தூளிக்குள் வைத்த மூச்சுப் பை

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டம். என் தங்கையின் முதல் பிள்ளை தொழிலாளர் லயத்து வீட்டில் தூக்கத்திலேயே மூச்சு நின்று போய்விட்டது. இரண்டாவதும் தூங்கும்போது நடுநடுவே மூச்சை நிறுத்துகிறது என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான் போனேன். தங்கைக்கு அழுகை வரும். எனக்குக் கோபம்தான் வரும்.

ஈப்போவிலிருந்து வந்த தமிழ் டாக்டர் ஒரு ரப்பர் பையைக் குழந்தையின் மெத்தைக்கு அடியில் வைத்தார். அதிலிருந்து நீளமான ஒரு குழாய் பக்கத்து அறையிலிருந்த பெட்டிக்குப் போனது. பிள்ளை மூச்சு விட்டால் பைக்குள் இருக்கும் காற்று அசையும். பெட்டியிலிருக்கும் முள் தாளில் கோடு போடும். மூச்சு நின்றால் மணி அடிக்கும். பிள்ளையின் உடம்பில் எதையுமே ஒட்டவில்லை. ஆளில்லாத அறையில் அந்த முள் தானாக ஏறி இறங்குவதைப் பார்த்தால் பேய் எழுதுவது போலிருக்கும். பேய்க்காவது வேப்பிலை உண்டு. இதற்கு என்ன உண்டு?

எங்கள் பிள்ளைகள் கட்டிலில் எங்கே தூங்கும்? மறுநாள் மத்தியானம் பிள்ளையின் அழுகை தாங்காமல் தங்கை கூரைக் கட்டையில் சேலையைத் தூளியாகக் கட்டினாள். டாக்டர் சொல்லையும் தட்டக்கூடாது என்று, பையை எடுத்துத் தூளிக்குள் பிள்ளைக்கு அடியில் வைத்தாள். ஆட்டினாள். அழுகை அடங்கியது.

மத்தியானத்திலும் மலைப்பனி சன்னலை மூடியிருந்தது. நான் பக்கத்து அறையில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே முள்ளைப் பார்த்தேன். அதுவரை இல்லாதபடி பெரிதாக, ஒரே சீராக ஏறி இறங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசரும் எட்டிப் பார்த்தார்.

"புள்ள தேறிடுச்சிலா" என்றார்.

எனக்கும் மனம் குளிர்ந்தது. சூடு ஆறுமுன் வந்து குடி என்று தங்கையைக் கூப்பிட்டேன். அவள் தூளியை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள்.

முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துப் படுத்துவிட்டது. மணி அடித்தது.

அதுவரை முள்ளை ஆட்டியது தூளியின் ஆட்டம்தான் என்று எனக்குப் புரிவதற்குள் டிரசர் ஓடினார். தூளிக்குள் பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. உள்ளங்காலைச் சுண்டினார், முதுகைத் தேய்த்தார், வாயோடு வாய் வைத்து ஊதினார். ஒரு விக்கல் வந்தது. பிறகு அழுதது.

சாயங்காலம் டாக்டர் அந்தத் தாளை மேசையில் விரித்தார். தங்கை பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள்.

"இதுல எது எம்புள்ள மூச்சு, எது என் கை?"

டாக்டர் கோட்டின் மேல் விரலை வைத்து, மத்தியானம் முழுவதையும் தடவிக்கொண்டே போனார். பிரிக்க முடியவில்லை என்றார்.