மழை பெய்தால் பிரியும் டிஸ்க்: முத்துப்பேட்டைக்கு ஒரு பயணம்

போன கார்த்திகையில் மழை கொஞ்சம் ஓய்ந்த வாரம் முத்துப்பேட்டைக்குப் போய்வந்தேன். அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போனதாக நண்பர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் போனது ஒரு டிஸ்க்கைப் பார்க்க. என்னைப் போலச் சென்னையில் உட்கார்ந்தபடி ஊர் ஊராக இருக்கும் சர்வர்களைக் கண்காணிப்பவர்களும் இந்த வலைப்பூவை வாசிக்கிறீர்கள் என்பதால், வழியையும் விஷயத்தையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அங்கே ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது. மழையில் மூழ்கிய வயல்களைப் படமெடுத்து, பயிர்க் காப்பீட்டுக்கு அனுப்புவது அவர்கள் வேலை. கீழ்த்தளத்தில் ஒரு சர்வர், மாடியில் ஒரு சர்வர். இரண்டும் சேர்ந்து ஒரே டிஸ்க் போல நடந்துகொள்ள வேண்டும். கீழே போட்ட படம் மாடியிலும் தெரிய வேண்டும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது தாங்கிக்கொள்ளும். அந்த வாரம் கீழே போட்டவை மாடியில் இல்லை, மாடியில் போட்டவை கீழே இல்லை. இரண்டையும் சேர்க்கப் போனால், எந்தப் பக்கம் சரி என்று சொல், மற்றதை அழித்துவிடுகிறேன் என்கிறது மென்பொருள். சென்னையில் நான் கண்காணிக்கும் திரையில் மட்டும் எல்லாம் நலம் என்று பச்சையாக இருந்தது.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி போன் செய்தார். "வயல்ல தண்ணி வடிஞ்சுபோச்சு சார். திரும்பப் போய் எடுக்க முடியாது. நாளன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாப் படத்தையும் அனுப்பணும். படம் இல்லன்னா இழப்பீடு கிடையாது."

கீழே இருப்பதுதான் எண்ணிக்கையில் அதிகம், வேறு வழியில்லை என்றால் அதை வைத்துக்கொள்ளலாம் என்றேன். "நான் எந்தப் பட்டனையும் அமுக்க மாட்டேன் சார். நீங்க வாங்க" என்றார்.

இரண்டு காலி டிஸ்க்குகளைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினேன். விடிவதற்குள் தஞ்சாவூர். புதிய பேருந்து நிலையத்திலிருந்து பட்டுக்கோட்டை 48 கி.மீ.; பேருந்தில் ஒன்றரை மணி நேரம். ஒரத்தநாட்டைத் தாண்டியதும் சாலையோரத்தில் சம்பாப் பயிர் பாதி நிமிர்ந்தும் பாதி படுத்தும் கிடந்தது. பட்டுக்கோட்டையில் வண்டி மாறி, அதிராம்பட்டினம் வழியாக இன்னும் முப்பது கி.மீ. சன்னலோரம் உட்கார்ந்தால் உப்புக்காற்று கிடைக்கும், சட்டையும் நனையும். முத்துப்பேட்டையில் ஆட்டோக்காரர் நூறு ரூபாய் கேட்டார், எண்பதுக்கு வந்தார். "காட்டுக்கா சார்? படகு இன்னிக்குப் போகாது" என்று வருத்தப்பட்டார். டிஸ்க் பார்க்க வந்தேன் என்று சொன்னால் இன்னும் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

நான் போன நேரம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கேபிள்கள் ஒழுங்காக இருந்தன, இரண்டு சர்வர்களுக்கும் யுபிஎஸ் இருந்தது. முதல் வேலையாக இரண்டு பக்கத்தையும் தனித்தனி டிஸ்க்கில் நகலெடுக்கப் போட்டேன். மாடியிலும் கீழேயும் படங்களுக்கு ஒரே வரிசை எண் வைத்திருந்தார்கள்; அப்படியே ஒன்றாகக் கொட்டினால் ஒன்றின்மேல் ஒன்று எழுதிவிடும். செல்வி பக்கத்திலேயே நின்றார். "மாடிது முடிஞ்சுதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் பிரிந்தது என்றுதான் புரியவே இல்லை. எனக்கோ காரணம் தெரியாமல் சோறு இறங்காது. (இறங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொடுவா மீன் குழம்பு.)

சாப்பிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே உள்ளே ஓடினால், வீட்டுக்காரம்மா ஜமீலா அக்கா மாடிப்படித் திருப்பத்தில் நின்று, சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டை ஒரு மரக்குச்சியால் அணைத்துக்கொண்டிருந்தார். அந்த போர்டுக்கு மேல்தான் மாடியையும் கீழ்த்தளத்தையும் இணைக்கும் சின்ன நெட்வொர்க் பெட்டி இருந்தது. அதன் விளக்குகள் அணைந்தன.

"என்னக்கா பண்றீங்க?"

"மழைன்னா இந்தச் சுவரு ஷாக் அடிக்கும் தம்பி. பேரப்புள்ளைங்க ஏறி இறங்குதுங்க. காஞ்சதும் போட்டுவிடுவேன்" என்றார்.

அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் வயல் மூழ்கும் அளவுக்கு மழை பெய்கிற அன்றுதான் இங்கே படங்கள் குவியும், அன்றுதான் இந்தப் பெட்டியும் அணையும். பெட்டி இல்லாத நேரத்தில் இரண்டு சர்வரும் ஆளுக்கொரு பக்கம் படங்களை வாங்கிக்கொண்டதால், பெட்டி திரும்ப வந்தும் ஒட்டவில்லை. மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி இணையம் என்பதால் என் திரை இரண்டையும் தனித்தனியாக, உன் டிஸ்க் நலமா என்று கேட்டது. இரண்டும் நலம் என்றன. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைத் தனித்தனியாகக் குசலம் விசாரித்துவிட்டு, குடும்பம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவது மாதிரிதான் இதுவும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்களா என்று நாங்கள் கேட்கவே இல்லை.

பெட்டியைக் காய்ந்த சுவருக்கு மாற்றி, இன்வெர்ட்டரில் இணைத்தோம். திரையில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: மாடியும் கீழும் ஒன்றுக்கொன்று தெரிகின்றனவா. இரண்டு சர்வர் வைத்திருப்பவர்கள், தகராறு வந்தால் யார் பேச்சு செல்லும் என்று சொல்ல மூன்றாவதாகச் சின்ன இயந்திரம் ஒன்றையும் வையுங்கள். எந்தப் பக்கத்தையும் அழிப்பதற்கு முன்னால் இரண்டையும் நகலெடுங்கள். முடிந்தால் மழைநாளில் போங்கள். வெயிலில் போனால் மீன் குழம்போடு திரும்ப வேண்டியதுதான். சுவர் ஷாக் அடிப்பதையும் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வந்தேன், அது டிஸ்க்கைவிட அவசரம்.

மறுநாள் மதியத்துக்குள் எண்களை மாற்றிப் படங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம். செல்வி மாடிப் பக்கத்துப் படம் ஒன்றைத் திறந்து, மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர், அழுகிய நாற்றுக் கொத்தைக் கையில் பிடித்து நிற்கிறார்.

"எங்கப்பா சார். அஞ்சு மா நிலம் குத்தகைக்கு எடுத்துருக்காங்க."

கீழே இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று போனில் சொன்னது நான்தான். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னா மாடிய வச்சுக்கன்னு சொல்லியிருப்பீங்க" என்றார் செல்வி. "கீழ படம் இருக்கவங்களுக்கும் வயல்தானே சார் மூழ்கிச்சு."

பிறகு அந்தப் படத்தை மூடிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினார்.