இராக்லிஸ் வாய் திறந்து கேட்ட ஞாயிறு

இராக்லிஸைப் பற்றிக் கருஃபாலியா முதன்முதலில் கேட்டது, அவள் தங்கை ஸ்தமாத்தாவுக்கு மாப்பிள்ளை பேச ஆள் வந்த அன்று. பேச வந்தவள் அவர்களுடைய சித்தியின் நாத்தனார், கிவேரி ஊர்க்காரி. கடலோரமாகவே நடந்து வந்த களைப்பில் ஒரு கரண்டி பழப்பாகைத் தின்று, மேலே ஒரு குவளைத் தண்ணீரையும் குடித்துவிட்டு, "பையன் பேரு இராக்லிஸ்" என்றாள்.

வீட்டில் இருந்த ஐந்து பெண்களும் ஒன்றாகச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிங்கத்தைக் கையாலேயே நெரித்துக் கொன்றவன், வெளிநாட்டுக்காரர்கள் ஹெர்குலிஸ் என்று சொல்கிற அந்தப் பழங்காலத்து வீரன், அவன் பெயர் அது. பன்னிரண்டு வேலைகள் செய்தானே, அதில் இரண்டாவதான பல தலைப் பாம்பை அவன் கொன்றதாகச் சொல்வது எங்கள் மீலி ஊர்ச் சதுப்பில்தான்.

"ஆளு எப்படி?" என்று அம்மா கேட்டாள்.

"நல்ல பையன். கொஞ்சம் மெலிவு."

"எவ்வளவு மெலிவு?"

"மழையில நனைஞ்ச சேவல் மாதிரின்னு வெச்சுக்கயேன்."

மறுபடியும் சிரிப்பு. ஸ்தமாத்தா மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததும், இதோடு நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ஸ்தமாத்தா என்றால் நிறுத்து என்றுதான் பொருள். "பேர் வெச்சவங்க செஞ்ச வேலைக்கு அவரும் மாட்டிக்கிட்டாரு, நானும் மாட்டிக்கிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்" என்றாள். கல்யாணம் முடிந்தது. அது ஐம்பத்தெட்டாம் வருஷம்.

இராக்லிஸ் மீது யாருக்கும் கோபம் வராது. பேச்சு குறைவு, வேலை அதிகம். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அப்படி வந்த பெயர் அது. அந்தத் தாத்தா உண்மையிலேயே மலைபோல் இருந்தவர், மாவரைக்கும் கல்லைத் தனியாகப் புரட்டியவர். பேரனுக்குப் பெயர் வந்தது, உடம்பு வரவில்லை. ஆனால் எங்கள் ஊரில் காபிக்கடை நடத்துகிற பனாகோஸ் விடுவானா?

"வாப்பா வீரா. பன்னிரண்டு வேலையும் முடிஞ்சுதா? பதிமூணாவது ஒண்ணு பாக்கி இருக்கு. இந்த எண்ணெய்ப் பீப்பாயை அந்தப் பக்கம் வை பார்ப்போம்."

வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போவார்கள், திருப்பி ஒன்று கேட்பார்கள். இராக்லிஸ் பீப்பாயைத் தூக்குவான். முகம் செக்கச்செவேலென்று ஆகும், கால் நடுங்கும், ஆனாலும் தூக்கி வைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் காபியைக் குடிப்பான். அதுதான் அவனுடைய வியாதி. ஒரு மூட்டைக்கு இன்னொருவர் கை நீட்டினால்கூட உடம்பைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான்.

ஸ்தமாத்தாவுக்குச் சீதனமாக வந்த நிலம் ஊற்றுக்குக் கீழே, பழைய சதுப்பில். அதில் இருவரும் நானூறு ஆரஞ்சுக் கன்றுகள் வைத்தார்கள். மலையடி ஊற்றுத் தண்ணீர் அந்தத் தோட்டத்தின் ஓரமாக ஒரு வாய்க்காலில் ஓடிக் கடலில் விழ வேண்டும். வாய்க்கால் முழுக்க நாணல். நாணலை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு தண்டை வெட்டினால் அந்த இடத்தில் இரண்டு குருத்து வரும், பங்குனி பிறந்துவிட்டால் நாளுக்கு ஒரு சாண் வளரும். இராக்லிஸ் ஒவ்வொரு வருஷமும் மேல் முனையிலிருந்து தனியாக வெட்டிக்கொண்டே போவான். கடல் முனைக்கு வந்து சேர்வதற்குள் மேல் முனையில் இடுப்பளவு முளைத்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. ஏழு வருஷம் இப்படியே போனது. வெட்டிய நாணல் மட்டும் கரையில் போர் போராகக் காய்ந்து கிடந்தது.

எட்டாவது வருஷம், மரங்கள் முதல்முறையாக நிறையக் காய்த்த அந்தக் குளிர்காலத்தில், மதகுக் கல் சரிந்து விழுந்தது. நான்கு பேர் தூக்க வேண்டிய கல். இராக்லிஸ் தனியாகக் கை வைத்தான். இடுப்பில் ஏதோ அறுந்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னான். பக்கத்து நகரமான ஆர்கோஸிலிருந்து வந்த டாக்டர் ஈஸ்டர் வரைக்கும் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் டாக்டருக்காகக் காத்திருக்குமா? மாசி மழை பெய்தது, வாய்க்கால் அடைத்துக்கொண்டது, தோட்டத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. ஆரஞ்சு வேர் நாற்பது நாள் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும், பிறகு மரத்தை விறகுக்குத்தான் வெட்டலாம். ஸ்தமாத்தா நாளை எண்ண ஆரம்பித்தாள். பதினைந்து நாள் போயிருந்தது. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவளும் தனியாக இறங்கி வெட்டிப் பார்த்தாள், பத்தடிகூடப் போகவில்லை.

எங்கள் ஊரில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், ஆள் பலம் இல்லாத வீட்டுக்கு ஊரே இறங்கி வேலை செய்துகொடுக்கும். ஞாயிறு வேலை பாவம்தான், இதற்கு மட்டும் பாவமில்லை என்று பாதிரியாரே சொல்லிவிடுவார். ஒரே ஒரு நிபந்தனை. வீட்டுத் தலைவன் கோயில் முற்றத்தில் நின்று தன் வாயால் கேட்க வேண்டும். கேட்காத நிலத்தில் யாரும் கால் வைக்க மாட்டார்கள், அது அந்த மனுஷனை அவமானப்படுத்துவது. தலைவன் செத்துப்போன வீட்டுக்கு விதவை கேட்பாள்.

"நான் கேட்க மாட்டேன்" என்றான் இராக்லிஸ், படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அந்த இடத்தில்தான் கருஃபாலியா ஒரு தப்புச் செய்தாள். அவள் புருஷன் கடலில் மூழ்கிச் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது, விதவைக் கறுப்பு உடுத்தியிருந்தாள். தங்கைக்காக என்ற அவசரத்தில் அடுத்த ஞாயிறு கோயில் முற்றத்தில் தானே நின்று, "என் தங்கச்சி தோட்டத்துக்கு வாங்க" என்று கேட்டுவிட்டாள். கறுப்புத் துணிக்காரி கேட்டால் அது தலைவன் செத்த வீட்டுக்கான கேள்வியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இருபது பேர் மண்வெட்டியோடு கிளம்பினார்கள். தோட்டத்து வாசலில் இராக்லிஸ் நின்றுகொண்டிருந்தான், இரண்டு கையிலும் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத்தாள் மாதிரி முகத்தோடு.

"நான் செத்துட்டேன்னு உங்ககிட்ட சொன்னது யாரு?" என்றான். "சாவு வீட்டுக்கு வந்தவங்க சாவு விழுந்தப்புறம் வாங்க."

வந்தவர்கள் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஸ்தமாத்தா அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைக் கருஃபாலியா எழுபது வயதிலும் மறக்கவில்லை. "நல்லது பண்ணின, அக்கா. இனிமே அவரே கேட்டாலும் வருவாங்களா?" என்றாள்.

மூன்று நாள் கழித்துக் கருஃபாலியா ஒரு சட்டி அவரைச் சூப்போடு அந்த வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆனால் அவன் தலையணையில் சாய்ந்து, சூப்பைத் தொடாமல் இருந்ததைப் பார்த்ததும் மன்னிப்பு மறந்துபோய்க் கோபம்தான் வந்தது.

"மாப்பிள்ளை, உன் பேர்க்காரன் பாம்பைக் கொன்ன கதை உனக்குத் தெரியுமா?"

"என்கிட்டயா கேக்கறீங்க, மதினி? பாலுக்குப் பதிலா அதைத்தானே எனக்கு ஊட்டினாங்க."

"அப்ப சொல்லு."

"வாளை எடுத்தான். வெட்டினான். ஒரு தலைக்கு ரெண்டு தலை முளைச்சுது. வெட்டின இடத்தைத் தீயால சுட்டான், முளைக்கல. கொன்னான்."

"சரி. ஒரு கையில பாம்போட கழுத்து. ஒரு கையில வாள். தீப்பந்தம் எந்தக் கையில இருந்துச்சு?"

இராக்லிஸ் தன் இரண்டு கையையும் பார்த்தான்.

"அவனோட உடன்பிறந்தான் மகன் ஒருத்தன் பின்னாடியே நின்னு சுட்டுக்கிட்டு வந்தான். அது உனக்கும் தெரியும்."

"தெரியும்" என்றான் மெதுவாக. "அதனாலதான் அந்த வேலை செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. எங்கப்பா தினமும் சொல்லுவாரு. சிங்கத்தைக் கொன்னது செல்லும், இது செல்லாது, ஏன்னா ஒத்தாசை வாங்கிட்டான். நீ வாங்காதடான்னு சொல்லுவாரு."

கருஃபாலியாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. எட்டு வருஷமாக அவள் இவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருந்தாள். இவன் பயந்துபோயிருந்தான்.

"செல்லாதுன்னு சொன்னது யாரு, மாப்பிள்ளை?"

"ராஜா. வேலை கொடுத்தானே, அவன்."

"அந்த ராஜா எங்க உட்காந்துக்கிட்டுச் சொன்னான்?"

"அரண்மனையில."

"தாழிக்குள்ள" என்றாள் கருஃபாலியா. "காட்டுப்பன்னியை இவன் தோள்ல போட்டுக்கிட்டு வந்தப்ப பயந்துபோய்த் தாழிக்குள்ள குதிச்சவன் அவன். நம்ம ஊத்துப் பக்கம் அமெரிக்காக்காரங்க பழங்காலத்துச் சாமான் தேடித் தோண்டினப்ப நான் மூணு கோடை பானை ஓடு கழுவினேன், மேஸ்திரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஒரு பெரிய தாழி வந்துச்சு, ஆள் உள்ள குந்தலாம், நானே குந்திப் பார்த்தேன். உள்ள இருந்து என்ன தெரியும்? வாய் வழியா வட்டமா கொஞ்சம் வானம் தெரியும். பாம்பு எத்தனை தலை, சேறு எவ்வளவு ஆழம், ஒண்ணும் தெரியாது. அவன் சொல்லிட்டானாம் செல்லாதுன்னு. நீயும் உங்கப்பனும் அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு இடுப்பை உடைச்சுக்கறீங்க."

ஸ்தமாத்தா கதவோரத்தில் துணி மடிப்பதுபோல நின்றுகொண்டிருந்தாள், ஒரே துணியை மூன்று தடவை மடித்தாள்.

"பாம்பு செத்துச்சா, இல்லையா?" என்று கருஃபாலியா கேட்டாள்.

"செத்துச்சு."

"சதுப்புல இருந்த ஜனத்துக்கு அது போதாதா?"

அவன் சூப்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தான். ஆறிப்போயிருக்கும், சூடு பண்ணித் தரட்டுமா என்று ஸ்தமாத்தா கேட்டதற்குச் சரியென்று தலையாட்டினான்.

சிலை செய்கிறவர்கள் சிங்கத்தோலையும் தடியையும் மட்டும் செய்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பந்தம் பிடித்தவனுக்குச் சிலை வைப்பதில்லை. அதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள், பலம் என்றால் தனியாக நிற்பது என்று நினைத்துக்கொள்கின்றன. கதையைக் கடைசிவரை கேட்டவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும். அந்த வீரன் சிங்கத்தை நெரித்தபோது பெரிய பலசாலி. "பந்தத்தை எடுத்துக்கிட்டு வாடா" என்று அவன் திரும்பிக் கூப்பிட்டானே, அப்போதுதான் அவன் பெரிய மனுஷன். இது கருஃபாலியா அன்றைக்குச் சொல்லாமல் வீட்டுக்கு நடந்து போகும்போது நினைத்துக்கொண்டது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து ஜனம் முற்றத்துக்கு வந்தபோது இராக்லிஸ் ஆலிவ் மரத்தடியில் நின்றிருந்தான். மாமனாரின் தடியை ஊன்றியிருந்தான். பக்கத்தில் ஸ்தமாத்தா நிற்க வந்ததற்கு, கொஞ்சம் தள்ளி நில் என்று கையைக் காட்டினான்.

"என் தோட்டத்துல தண்ணி நிக்குது" என்றான். இருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தான். "என் தோட்டத்துல தண்ணி நிக்குது. இருபத்தாறு நாளாச்சு. என்னால குனிய முடியாது. போன வாரம் வந்தவங்களைத் திருப்பி அனுப்பினேன், அது என் தப்பு. வர முடிஞ்சவங்க வாங்க."

யாரும் அசையவில்லை. பனாகோஸ்தான் தொண்டையைச் செருமினான்.

"பன்னிரண்டு வேலை செய்யறவன் ஆச்சே நீ?"

"அதுல ரெண்டாவதுக்கு ஆள் வேணும்னு கதையிலயே இருக்கு" என்றான் இராக்லிஸ். "நீ அந்தப் பக்கத்தைக் கிழிச்சு மீன் பொட்டலம் கட்டிட்ட போல."

முதலில் சிரித்தது பாதிரியார். பனாகோஸ் "என் அருவாளுக்குச் சாணை பிடிக்கணும், பத்து நிமிஷம் கொடு" என்று சொல்லிவிட்டு நடந்தான். போன வாரம் வந்தவர்கள் இருபது பேர்தான். அன்றைக்கு முப்பத்தொரு பேர் வந்தார்கள், கருஃபாலியா எண்ணினாள்.

வேலை எப்படி நடக்க வேண்டும் என்று இராக்லிஸ் கரையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான். ஏழு வருஷமாக அதனோடு மல்லுக்கட்டியவன், அவனைவிட யாருக்குத் தெரியும்? மேலிருந்து வேண்டாம், கடல் முனையிலிருந்து ஆரம்பியுங்கள், திறக்கத் திறக்கத் தண்ணீர் தானாக இறங்கும். ஜோடி ஜோடியாக இறங்குங்கள். ஒருவன் தண்டை வெட்டினால், பின்னாலேயே ஒருவன் கிழங்கைத் தோண்டிக் கரைக்கு வீச வேண்டும். ஏழு வருஷத்து நாணல் போர் காய்ந்து கிடந்ததே, அதற்குத் தீ வைத்தான். வந்து விழுந்த ஈரக் கிழங்கை நீளக் கம்பால் ஒவ்வொன்றாக நெருப்புக்குள் தள்ளினான். நாற்காலியைவிட்டு எழவில்லை. முகமெல்லாம் கரி.

"டேய், நாங்க வெட்டறோம், நீ சுடற" என்று வாய்க்காலுக்குள்ளிருந்து பனாகோஸ் கத்தினான். "அப்ப வீரன் நாங்க, நீ வெறும் பந்தம் பிடிக்கற பையன்."

"அந்தப் பையன் இல்லாம பாம்பு செத்திருக்காது. வாயை மூடிட்டு வெட்டு."

மூன்று மணிக்குத் தண்ணீர் அசைந்தது. சாயங்காலத்துக்குள் வரப்பு தெரிந்தது. ஸ்தமாத்தாவும் கருஃபாலியாவும் நோன்புக் காலமென்று இறைச்சியை விட்டு, உப்பிட்ட ஆலிவும் கணவாயும் ரொட்டியும் பரிமாறினார்கள். மதகுக் கல்லை ஐந்து பேர் தூக்கி வைத்தார்கள், இராக்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானூறு மரத்தில் பதினொன்று செத்தது. மற்றவை பிழைத்தன. நாணல் சாகவில்லை, அது சாகிற சாதி இல்லை. அந்தப் பாம்புக்கும் ஒரு தலை சாகாத தலையாம், அதை அந்த வீரன் பாறைக்கடியில் புதைத்துவிட்டுத்தான் போனானாம். அடுத்த மாசியிலும் இராக்லிஸ் முற்றத்தில் நின்று கேட்டான். அதற்கடுத்த மாசியில், ஊற்றுக்குக் கீழே இருந்த பதினான்கு தோட்டக்காரர்களும் சேர்ந்து முறை வைத்துக்கொண்டார்கள், யாரும் கேட்க வேண்டியதில்லை என்று. முறையைச் சரிபார்க்கிற பொறுப்பை அவனிடம் கொடுத்தார்கள். முப்பது வருஷம் பார்த்தான். பீப்பாய் தூக்கச் சொன்னால், "மறுபக்கத்தை யார் பிடிக்கறீங்க?" என்று கேட்கிற ஆளாகிவிட்டான்.

இராக்லிஸுக்கு இப்போது எண்பத்தொன்பது வயது. மீலியில் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் ஸ்தமாத்தாவோடும் மகளோடும் இருக்கிறான், காலையில் மகள் தோளைப் பிடித்துக்கொண்டு தோட்டம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறான்.