சோப்புக் கஞ்சி

வறண்டு வெடிக்கும் என் கைகளுக்காகச் சோப்பைச் சீவி வடிகஞ்சியில் கரைக்கும்போதெல்லாம், இப்போது வீட்டு மனைகளாகிவிட்ட எங்கள் வயலின் பம்புசெட் தொட்டி மணக்கிறது. நடவு முடிந்து சேற்றுப்புண்ணோடு கரையேறும் அம்மா, புண் எரியாமல் கைகழுவ இதே கரைசலைத்தான் அலுமினியக் கிண்ணத்தில் தொட்டி விளிம்பில் வைத்திருப்பாள். ஒருநாள், சளிப்பிடித்து வாசனையே தெரியாமலிருந்த அப்பா, பசியில் அதைக் குடிக்கிற கஞ்சியென்று நினைத்து உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, கடித்துக்கொள்ள மிளகாய் பறிக்க வரப்புக்குப் போனார். அதற்குள் அம்மா கிண்ணத்தில் கையை விட்டுத் துடித்துப்போனாள்.

மிளகாயை எறிந்துவிட்டு ஓடிவந்த அப்பாவிடம், "அவ்வளவு பசியாங்க?" என்றாள்.

அப்பா அவள் கைகளைத் தொட்டித் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டார். மோட்டார் நின்ற பிறகும் விடவில்லை.