முளைக்குச்சி அடித்த களம்

முந்தின நாள் பள்ளிக் கட்டடத்துக்காக ஓவர்சீயர் அளந்து அடித்துவிட்டுப் போன முளைக்குச்சிகள் அத்தனையும் காலையில் என் பள்ளிக்கூட வாசலில் கட்டாகக் கிடந்தன. ஊரார் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். சேர்வராயன் மலையில் பஸ் போகாத ஓர் ஊரில் நான் ஒருத்திதான் டீச்சர். பள்ளிக்கூடம் என்பது புல் வேய்ந்த கொட்டகை. மழை பிடித்தால் பிள்ளைகளை ஒழுகாத மூலையில் ஒட்டி உட்கார வைப்பேன்; சற்று நேரத்தில் அந்த மூலையும் ஒழுகும். பழங்குடியினர் நல நிதியில் ஒரு கட்டடம் சாங்ஷன் ஆகியிருந்தது. மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் நிதி லாப்ஸ் ஆகித் திரும்பிப் போய்விடும், பள்ளியை அடிவாரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் காட்டுப்பாதையில் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரின் மகள் செல்லி அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பள்ளி இங்கிருந்து போய்விட்டால் அவள் ஆடு மேய்க்கத்தான் போவாள்.

ஓவர்சீயர் சேலத்துக்காரர். அவர் கையில் இருந்த பிளான் சமவெளிக்குப் போட்டது. எங்கள் ஊரில் சமமாக இருந்த ஒரே இடம் ராகி அடிக்கும் களம். மலைக்காரர் யாரும் அதில் செருப்போடு கால் வைப்பதில்லை. இந்த மனுஷன் “காலி இடம்தானே டீச்சர்” என்று செருப்புக்காலோடு ஏறிக் குச்சி அடித்திருக்கிறார்!

அவரையும் இழுத்துக்கொண்டு ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன்.

“ஏனுங்க டீச்சர், சோத்துக்குத் தானியம் அடிக்கிற எடத்துல செருப்புக் காலுங்களா?” என்றார் கவுண்டர். “களத்தக் குடுத்துட்டு ராகிய எங்க அடிக்கிறதுங்க? உங்க கட்டடத்துக் கூரை மேலயா?”

கோபத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் மனைவி ராமாயி அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க டீச்சர், கூரை ஓடுங்களா, சிமெண்டுங்களா?”

“சிமெண்டுத் தளம்.”

“மட்டமா இருக்குமுங்களா?”

“மட்டமாத்தான் இருக்கும்.”

“அப்பறம் என்னங்க? மேலயே அடிச்சுக்கலாம்.”

“கதிர மிதிக்க மாடு ஏறுமா புள்ள?” என்றார் கவுண்டர்.

“மாடு ஏறாது, நாம ஏறுவோம். கோலால அடிச்சா கை தேஞ்சா போயிரும்? எம் புள்ள நொம்ப நாளா மழையில நனையுதுங்க.”

ஓவர்சீயர் தலையில் கை வைத்துக்கொண்டார். “எஸ்டிமேட்ல படியே இல்லீங்க. ஆடிட்ல யாரு பதில் சொல்றது?”

கவுண்டர் ராமாயியிடம் தலையாட்டினார். பிறகு, “படிய நாங்க கல்லுல கட்டிக்கிறோம். நீங்க செருப்பக் கழட்டிட்டு வந்து குச்சி அடிங்க” என்றார்.

ஓவர்சீயர் என்னைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “கழட்டுங்க சார், உங்க செருப்புக்காக மார்ச் மாசம் காத்துட்டு நிக்காது!” என்றேன். கழற்றினார்.

கட்டடம் எழும்பியது. முதல் அறுவடையில் மேலே அடித்த அடியில் கீழே என் குரல் எனக்கே கேட்கவில்லை. சண்டை போட வேகமாகப் போனவள், முதல் படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். பேசி ஒத்துக்கொண்டபடி, அதன் பிறகு மணி அடித்துப் பிள்ளைகள் போனதும் அடித்தார்கள். கதிர் நனைந்துவிடும் என்று மழை மிரட்டும் நாட்களில் மட்டும் பள்ளி நேரத்தில் அடித்தாலும் நான் பொறுத்துக்கொண்டேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: நிதி வந்தால், அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் ஊரைக் கேளுங்கள். பிளானை அப்புறம் விரிக்கலாம். செல்லி அங்கேதான் ஐந்தாவது முடித்தாள். மழை மிரட்டிய நாட்களில், அவள் கீழே கணக்குப் போட, தலைக்கு மேலே அவள் அம்மா ராகி அடித்துக்கொண்டிருந்தார்.