ஆளில்லாத வீடு என்று பதியுமுன்

1. பட்டியல் எடுத்த நாள்

குடிசன மதிப்பீட்டுக்கு முன்னால் வீடுகளைப் பட்டியலிட வேண்டும். கதவில் ஸ்டிக்கர் ஒட்டி, ஆள் இருக்கும் வீடா, ஆளில்லாத வீடா என்று கையிலுள்ள டெப் கணினியில் பதிவது வேலை. நான் அதுவரை மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும்தான் செய்திருந்தேன். அங்கே கேற்றில் பூட்டுத் தொங்கினால் வீட்டுக்காரர் கட்டாரில் இருப்பார். இந்த முறை காட்டோரத்து வேடர் கிராமம் ஒன்று என் பங்குக்கு வந்தது. மேற்பார்வைக்கு நஸீர் சேரும் கூட வந்தார்.

முப்பதுக்கும் குறைந்த வீடுகள். எல்லாம் அரசாங்க வீட்டுத்திட்டத்துக் கல்வீடுகள். ஏழு வீடுகள் பூட்டியிருந்தன. பூட்டிய ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஓலைக்குடிசை போட்டுக் குடும்பம் இருந்தது.

பதினான்காம் வீட்டுக்காரர் கதிராமன். மனைவி கிட்னி வருத்தம் முற்றி அந்த வீட்டுக்குள் இறந்திருந்தார். ஒருவர் இறந்த வீட்டில் பிறகு இருக்கமாட்டார்கள். அது அந்த ஊர் வழமை. மற்ற ஆறு வீடுகளும் அப்படிப் பூட்டியவைதான். முன்பெல்லாம் குடிசையை விட்டு வேறு குடிசை கட்டினார்கள். கல்வீட்டுக்கு அப்படி மாற்று இல்லை.

"ஆளில்லாத வீடு எண்டு போடுங்க" என்றார் நஸீர் சேர். பிறகு கதிராமனைப் பார்த்து, "திட்டத்து வீட்டப் பூட்டி வச்சா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க, விளங்குதா?"

"வீடு நிக்கிற வளவும் போகுமா சேர்?"

"ஓம். வீடும் காணியும் ஒரே பேர்மிட்தானே."

"ரெண்டு புள்ளையளோட நான் எங்க சேர் போற?"

அடுத்த வீட்டுப் பொன்னியக்கா வெற்றிலையைத் துப்பினார். அவருடைய கணவரும் அதே வருத்தத்தில் உள்ளே படுத்திருந்தார்.

"செத்தவங்களையும் சேத்து எண்ணுங்க சேர். அப்பதான் எங்கட ஊரு பெரிசாத் தெரியும்" என்றார்.

நஸீர் சேர் சிரித்தார். ஏழையும் ஆளில்லாத வீடு என்று பதிந்தேன். விதிப்படி அது சரி.

2. எண்ணிய நாள்

சில மாதம் கழித்து ஆட்களை எண்ணப் போனேன். மாரி தொடங்கியிருந்தது. கதிராமனின் கல்வீடு திறந்து கிடந்தது. நிலைப்படியோடு பாய் போட்டு, பிள்ளைகள் இருவரையும் அணைத்தபடி அவர் இருந்தார். மனைவி கிடந்த அறைக் கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இஞ்சதான் இரிக்கிறீங்களா?"

"ஓம் சேர். மூணு பேர். எழுதுங்க."

"ராவிலயும்?"

"படுக்கிறம். நித்திரதான் இல்ல."

மற்ற ஆறு வீடுகளும் அப்படித்தான். எல்லோரும் வாசலை ஒட்டியே இருந்தார்கள். ஒருவரும் உள்ளே போய் இருக்கவில்லை.

பொன்னியக்காவின் வீட்டில் கணவரைக் காணவில்லை. கேட்டேன். வளவு மூலைக்குக் கூட்டிப்போனார். நாலு கம்பு நட்டு, மேலே பொலித்தீன் கட்டி, அதன் கீழ் அவரைக் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் தண்ணீர் ஒழுகியது.

"என்னக்கா இது? மழைக்குள்ள?"

"உள்ளுக்கு உசிர் போனா வீட்டப் பூட்டோணும் சேர். பூட்டினா வளவு போயிரும். இவர்தான் சொன்ன, என்னை வெளிய போடுங்க எண்டு."

அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். "என்னையும் எண்ணுறதுதானே?" என்றார்.

"ஓம், ஐயா" என்றேன். அந்த வீட்டுக் கணக்கிலேயே அவரைச் சேர்த்தேன்.

பட்டியலில் வந்த ஆளில்லாத வீடு ஏழும் இப்போது ஆள் இருக்கும் வீடுகள். கணக்குச் சுத்தம் என்றார் நஸீர் சேர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். வீடு ஏன் பூட்டியிருக்கிறது என்று டெப் கேட்காது. நீங்கள் கேளுங்கள். அதைத் தனியாக எழுதி மேலே கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. பொன்னியக்காவின் கணவருக்குப் பிறகு, அந்தப் பொலித்தீனின் கீழ் இப்போது வேறொரு நோயாளி கிடக்கிறார்.