முகம் பார்த்து ஒப்படைக்கிறவர்

மர்பி டவுனில் ஜெயராஜ் ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு ஒரு சட்டம் உண்டு. முகம் தெரியாத யாரிடமும் குழந்தையை இறக்கிவிட மாட்டார். அம்மா வரவேண்டும், இல்லை அப்பா, இல்லை அவர்கள் நேரில் கூட்டிவந்து காட்டிவைத்த ஆள். அடையாள அட்டையை நீட்டினாலும் சரி, குழந்தையே "சித்தப்பா" என்று குதித்தாலும் சரி, தெரியாத முகம் என்றால் வேன் கதவு திறக்காது. ஒருமுறை போலீஸில் இருந்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவரையே வெயிலில் நிற்கவைத்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டு, அவள் மூச்சு வாங்க ஓடிவந்த பிறகுதான் பேரனை இறக்கினார். தாத்தா வாய்க்கு வந்தபடி திட்டினார். மகளோ மறுநாளே அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் ஜெயராஜின் வேனைச் சிபாரிசு செய்தாள்.

சட்டம் என்றால் சட்டம் என்று இருக்கிற மனுஷர். அப்படிப்பட்டவரை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். இதுதான் சட்டம் என்று யாராவது அழுத்திச் சொன்னால் போதும்.

கொரோனா இரண்டாம் முறை வந்து ஊரைப் புரட்டிப்போட்டபோது பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன, வேன் வாசலில் தூசி படிந்து நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து கல்லறைக்குச் சவங்களைக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் சனங்கள் தவித்தார்கள். பங்குச் சாமியார் கேட்டதும் ஜெயராஜ் பின்சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வேனைக் கொடுத்தார், ஓட்டவும் தானே வந்தார். மனைவி ஹில்டா அழுதுபார்த்தாள், திட்டிப்பார்த்தாள், கடைசியில் அவர் வீட்டுக்குள் வரும்போது குளிக்க வெந்நீர் வைத்தாள்.

இவரைப் போல வந்தவர்களுக்கெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் பாடம் எடுத்தவர் அந்தப் பகுதிச் சுகாதார அதிகாரி நிருபமா. சும்மா சொல்லக்கூடாது, அவரும் அன்றைக்குச் சோறு தண்ணி இல்லாமல் ஓடியவர்தான். கவச உடையை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது என்று காட்டிவிட்டு, கடைசியாக ஊர்ப் பாஷையான கன்னடத்தில் ஒன்று சொன்னார். சவத்தை மூடிய பையைத் திறக்கவே கூடாது. ஒருவருக்குத் திறந்தால் பின்னால் நிற்கிற எல்லாரும் கேட்பார்கள், வரிசை நகராது. யார் அழுதாலும் அரசாங்க ஆர்டர் என்று சொல்லிவிடுங்கள். ஜெயராஜ் தலையாட்டினார். அவருக்குப் புரிகிற பாஷை அது.

பிறகு ஒருநாள் அவர் வேனில் டிரேவர் வந்தார். அடுத்த வீட்டு டிரேவர். ஞாயிறு பூசையில் பாட்டுக்குழுவில் ஜெயராஜின் தோளோடு தோள் உரசி நின்று பாடியவர். கல்லறை வாசலில் கட்டிய கயிற்றுக்கு அந்தப்பக்கம் அவர் மனைவி குளோரியா, ஓரத்தில் லேஸ் பின்னிய வெள்ளைக் கைக்குட்டையோடு நின்றாள். பெட்டியை மூடுவதற்கு முன்னால் முகத்தின் மேல் துணி போடுவது பெண்டாட்டியின் உரிமை. எந்தச் சாவிலும் அதை யாரும் தடுத்ததில்லை.

"ஒரே ஒரு தடவ முகத்த மட்டும் காட்டுங்கண்ணா. கிட்டகூட வரமாட்டேன், இங்கிருந்தே பாத்துக்கறேன்."

"கவர்மென்ட் ஆர்டர்மா. என் கையில ஒண்ணுமே இல்ல."

அவள் அதற்கு மேல் கெஞ்சவில்லை. கைக்குட்டையை நீட்டினாள். பையில் தலை எந்தப் பக்கம் என்று உத்தேசமாகப் பார்த்து, அதன் மேல் அவர் அதை விரித்தார்.

குளோரியா அவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. யாராவது கிளறினால், "ஆர்டர் அது, அவர் என்ன பண்ணுவாரு பாவம்" என்று வாயை அடைத்துவிடுவாள். கிறிஸ்துமஸ் தவறாமல் கல்கல் பலகாரமும் கேக்கும் வைத்த தட்டு அவள் வீட்டிலிருந்து வரும். அந்தத் தட்டைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஜெயராஜுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கும்.

இப்போது தேர்தல் பேச்சு ஆரம்பித்ததும், அன்றைக்குச் செத்தவர்களை எல்லாக் கட்சியும் மறுபடி தோண்டி எடுத்தது. படுக்கை யாரால் கிடைக்கவில்லை, ஆக்சிஜன் யாரால் வரவில்லை என்று டிவியில் தினமும் அடிதடி. ஒருநாள் குளோரியா வாசலில் அவரை நிறுத்தினாள்.

"அண்ணா, டிவியில என்னமோ சொல்றாங்களே. ஜிப்ப முகம் வரைக்கும் இறக்கிக் காட்டலாம்னு அப்பவே ரூல் இருந்துச்சாமே?"

கேட்டது மெதுவாகத்தான். ஆனால் அவள் பார்த்த பார்வை புதுசு.

"நிருபமா மேடம் சொன்னதத்தாம்மா நான் செஞ்சேன். ஞாயித்துக்கிழம அல்சூர்ல இதப் பத்தி ஒரு கூட்டம் வச்சிருக்காங்க, அவங்களும் பேசறாங்க. நீயே வந்து அவங்க வாயால கேட்டுக்கோ."

ஹில்டாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "சும்னே எதுக்குப் போறீங்க? அந்தம்மா என்னா உங்களுக்குச் சாட்சி சொல்லவா வர்றாங்க?"

"அவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்றார் ஜெயராஜ். அடித்துச் சொன்னார்.

கூட்ட வாசலில் நிருபமாவே அவரை அடையாளம் கண்டு எதிரே வந்தார். "ஜெயராஜ் அண்ணா, சென்னாகிதீரா?" என்று நலம் விசாரித்தார். குளோரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் துக்கம் எங்கள் துக்கம் என்றார். ஜெயராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்தாயா என்பதுபோல் குளோரியாவைப் பார்த்தார்.

மேடையில் ஒரு கட்சிக்காரர், அரசாங்கம்தான் சனங்களைக் கொன்றது என்று மேசையைக் குத்தினார். இன்னொரு கட்சிக்காரர், அரசாங்கம் இல்லாவிட்டால் பாதி ஊர் மிஞ்சியிருக்காது என்று அதைவிடப் பலமாகக் குத்தினார். இரண்டுக்கும் அதே கூட்டம்தான் கைதட்டியது. அப்புறம் ஒரு பத்திரிகைக்காரர் எழுந்து, கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட விடாமல் தடுத்தது ஏன் என்று கேட்டார்.

நிருபமா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முகத்தைக் காட்டலாம் என்பதுதான் விதி, நாங்கள் யாரையும் தடுக்கவில்லை என்றார். சில இடங்களில் தன்னார்வலர்கள் பயந்துபோய்த் தாங்களாகவே மறுத்திருக்கலாம் என்றார். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் மனிதர்கள்தானே என்றார்.

ஜெயராஜ் எழுந்துவிட்டார். யாரோ கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"மேடம், மைதானத்தில் நீங்கள்தானே பையைத் திறக்கக் கூடாது என்றீர்கள்? அரசாங்க ஆர்டர் என்று சொல்லச் சொன்னீர்கள்?" அவருடைய நல்ல கன்னடம் அன்றைக்குத் தடுமாறியது.

நிருபமாவின் முகத்தில் வாசலில் பார்த்த அதே சிரிப்பு. அந்த நாட்களில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருப்பேன், விதிக்கு மாறாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்றார். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஜெயராஜிடம் என்ன இருக்கும்? வாய்வார்த்தையை நம்பி வேனைக் கொடுத்தவர்.

"பரவாயில்லை" என்று நிருபமாவே அவருக்கு ஆறுதல் சொன்னார். "இவரைப் போன்றவர்கள் அன்று செய்த தொண்டு பெரியது. எல்லாரும் இவருக்குக் கைதட்டுங்கள்."

தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தை அறுப்பதிலும் இவ்வளவு மரியாதை உண்டு என்று ஜெயராஜ் அன்றுதான் கண்டார். வெளியே வரும்போது மேசையைக் குத்திய முதல் கட்சிக்காரர் துரத்திவந்து, நாளைக்கே நம்ம சேனலுக்கு வாருங்கள், இதை விடக்கூடாது என்று தோளில் கைபோட்டார். செத்துப்போனது உங்கள் தம்பிதானே என்றும் கேட்டார். ஜெயராஜ் அந்தக் கையை எடுத்துவிட்டு வேனில் ஏறினார்.

வீட்டு வாசலில் வேன் நின்ற பிறகும் குளோரியா இறங்கவில்லை.

"அண்ணா, உள்ள இருந்தது அவர்தானே?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? பை மேல பேர் எழுதியிருந்துச்சி."

"எழுதினவங்க பாத்துத்தான் எழுதினாங்களா?"

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவள் பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, மண்ணைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவதை ஜெயராஜ் பார்த்திருக்கிறார்.

"ஒரு பிள்ளைய முகம் பாக்காம யார்கிட்டயும் குடுக்க மாட்டீங்களேண்ணா நீங்க" என்றாள் குளோரியா. அதில் கோபம்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். கதவை அவளே திறந்துகொண்டு இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஹில்டா பக்கத்து வாசலிலிருந்து வந்து வேன் ஜன்னலில் கைவைத்தாள்.

"என்னங்க, மேடம் என்னா சொன்னாங்க?"

ஜெயராஜ் ஸ்டியரிங்கை விடவில்லை.

"எனக்குக் கைதட்டச் சொன்னாங்க" என்றார்.