போகாத பதினொரு அழைப்புகள்

கைபேசி பரவாத காலம். திருப்பதி ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு ஆபரேஷன். அதற்குமுன் அமெரிக்காவிலிருக்கும் மகனின் குரலைக் கேட்க வேண்டும் என்றாள். எதிரே பிரௌசிங் சென்டரில், வாராவாரம் பேசுவதுபோல் கம்ப்யூட்டர் வழியாகப் பதினொரு முறை அழைத்தேன். பதிலில்லை. போன வாரம் அவனோடு சண்டை போட்டிருந்தேன். அந்தக் கோபம்தான் என்று முடிவுகட்டினேன்.

"இன்னா சொல்றான் புள்ள?" என்றாள்.

"எடுக்கல. தொரைக்கு ரோஷம் வந்துகீது."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு கண் திறக்கவில்லை.

அவள் போய்ப் பதினேழாம் நாள் சென்டர்காரரைப் பார்த்தேன். "உங்க கால் அங்க போவவே இல்ல சார். அன்னிக்குக் காலைலேர்ந்து நெட் கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல பேசற சைட்டெல்லாம் அடைச்சிட்டான். எங்களுக்கே அப்புறந்தான் தெரிஞ்சிது," என்றார்.

சென்டரிலிருந்து பன்னிரண்டு அடியில், வெளிநாட்டுக்கு போன் பேச ஐ.எஸ்.டி. பூத் இருந்தது.

இப்போதெல்லாம் அழைப்பு கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று மட்டுமே வீட்டில் சொல்கிறேன். எடுக்கவில்லை என்று சொல்வதில்லை.